இறந்த திகதி

வத்தளை,
12.02.2003

அன்புள்ள தங்கச்சி செலீனாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் எடித்தும் ஒரு குறையுமின்றி இருக்கிறோம். நீயும் மச்சான் அருளப்புவும் பிள்ளைகளும் அரிப்புக் காற்றில் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு.

இருபத்திரண்டு வருடமாக நீ என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. உன் வளவில் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டு, நான் கொழும்புக்கு எடுத்துவந்த எலும்புக்கூட்டை ஊருக்குத் திருப்பிக் கொடுத்து அடக்கம் செய்யத் தொல்பொருள் திணைக்களம் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கந்தோர்ப் படியேறியதன் பலன். சமாதானம் வந்து பாதையும் திறந்திருப்பதால் நானே கொண்டுவருவேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். முப்பத்திரண்டு வருடம் இந்த உத்தியோகம் பார்த்தேன். எந்த ஊரில் மண் வெட்டினாலும் ஊராரைக் கேட்ட பிறகுதான் வெட்டினேன். எடுத்ததைத் திருப்பித் தருவதாக எல்லா ஊரிலும் சொன்னேன். வாகரைப் பக்கத்து வேடர் குடும்பங்கள் தங்கள் மூதாதையரின் எலும்புகளை என் சேவைக்காலம் முழுவதும் கேட்டார்கள். நானும் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். அவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. எலும்புகள் இன்னும் கொழும்பில் இருக்கின்றன. ஆகவே உன்னுடையதுதான் நான் திருப்பிக் கொடுக்கும் முதலாவது. கடைசியும் அதுவாகத்தான் இருக்கும்.

வாகரையில் ஒரு பெண் என்னைப் பிடித்து ஏசினாள். "எலும்புல நம்பர் எழுதுறீங்க. ஆள் எப்படிப்பட்ட ஆளெண்டு எழுதல்லையே" என்றாள். அதன் பிறகு எந்த ஊருக்கும் எலும்பைப் பற்றிச் சொல்லாமல் ஆளைப் பற்றிச் சொல்வதே என் வழக்கம். உன் ஊருக்கும் சொல்கிறேன். பங்குச் சுவாமியிடம் கொடுத்துக் கோயிலில் வாசிக்கச் சொல்.

வருகிறவர் ஆண். இறக்கும்போது வயது இருபத்திரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில். நல்ல உயரம். சிறு வயதில் முன்கை எலும்பு முறிந்து, யாரோ கவனமாகக் கட்டிவிட, பொருந்தியிருக்கிறது. காதுத் துவாரத்தில் எலும்பு தடித்திருக்கிறது. காலமெல்லாம் சுழியோடுபவர்களுக்கு அப்படி வரும். தோள் எலும்புகள் வள்ளம் வலித்தவனுடையவை. உங்களைப் போல் இந்தக் கடலில் பிழைத்தவர். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியவர்.

மருமகன் வின்சன்ட் எப்படி இருக்கிறான்? நான் கடைசியாகப் பார்த்தபோது பத்து வயதுப் பொடியன். அடக்கப் பெட்டியை அவனே செய்தால் நல்லது.

மாதா உங்களைக் காப்பாராக.

அண்ணன்
அமிர்தநாயகம்

•

அரிப்பு,
09.03.2003

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

உங்கள் கடிதம் கண்டு அழுதேன். நாங்கள் சுகம். உங்கள் மச்சானுக்கு மட்டும் இருமல் விட்டபாடில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க அந்தோனியாருக்குத் திரி ஏற்றினேன்.

போன ஞாயிறு பூசை முடிய சுவாமி உங்கள் கடிதத்தை வாசித்தார். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. வாசித்து முடிந்ததும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. கடல் ஒதுக்கும் பிரேதம் எந்த வீட்டின் முன்னால் கிடக்கிறதோ, அந்த வீட்டுக்குச் சொந்தம். ஊர் பேர் தெரியாவிட்டாலும் அந்த வீட்டார்தான் துக்கம் காத்து, சேமக்காலையில் அடக்கி, மரித்தோர் நாளில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். எங்கள் பிள்ளை எங்கேயாவது ஒதுங்கினாலும் அந்தக் கரையில் உள்ளவர்கள் இப்படிச் செய்வார்கள் என்ற நம்பிக்கை. மண்ணுக்குள் இருந்து வந்தவருக்கும் அதே முறைதான். நாங்கள் மடுவில் அகதியாய் இருந்த வருடங்களிலும் அவருக்கு ஒரு திரி தனியாகக் கொளுத்தினேன்.

இவர் சந்தோசத்தில் பகிடி விடுகிறார். "இருவத்திரண்டு வருசம் கொழும்பில சும்மா குந்தியிருந்திட்டு வாறார். வந்த உடன வலை இழுக்க விடுறன்" என்கிறார். சேமக்காலையில் இடம் பார்த்து, எல்லைக்கு நாலு தடி நட்டிருக்கிறார்.

ஒரு கேள்வி, அண்ணா. முறிந்திருந்தது எந்தக் கை? சனம் கேட்கிறார்கள்.

மச்சாளின் பிறசர் எப்படி?

உங்கள் தங்கச்சி
செலீனா

•

வத்தளை,
25.03.2003

அன்புள்ள செலீனா,

இங்கு நாங்கள் சுகம். எடித்துக்கு மருந்து மாற்றியிருக்கிறார்கள். மச்சானைச் சுருட்டை விடச் சொல்.

முறிந்தது இடது கை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே.

கடிதத்தைச் சுவாமி இரண்டு முறை வாசித்தது எனக்கு மிகவும் ஆறுதல். நான் பேசப் போன ஊர்களில் பெரும்பாலும் சனம் பாதியில் எழுந்து போவார்கள். பழங்காலத்து ஆளுக்காக ஒரு ஊர் உட்கார்ந்து கேட்டது என்பதை, என்னோடு வேலை செய்த அப்துல் றசாக்குக்கும் தொலைபேசியில் சொன்னேன்.

திணைக்களம் இன்னும் இரண்டு கையெழுத்துக் கேட்கிறது. ஆவணி, புரட்டாதிக்குள் வந்துவிடுவேன்.

வின்சன்டைப் பற்றி நீ எழுதவில்லை. கடல் தொழிலுக்குப் போகிறானா? பெட்டி செய்வானா?

அன்புடன்,
அண்ணன்

•

அரிப்பு,
02.05.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கு கச்சான் காற்றுப் பலமாக அடிக்கிறது, தொழில் இல்லை. மற்றப்படி குறையில்லை.

என்னோடு கோபிக்காதீர்கள். நீங்கள் இடது கை என்று எழுதியதை நான் மார்த்தாவிடம் சொல்லிவிட்டேன். சங்கக் கடைக்குப் பின்னால் இருக்கும் மார்த்தாவைத் தெரியும்தானே? அவளுடைய மூத்தவனை 2000 ஆம் ஆண்டு விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அவன் சின்ன வயதில் கோயில் மதிலால் விழுந்து இடது கை முறிந்தவன். சுழியோடிச் சங்கு எடுத்தவன். வயது இருபத்துநாலு.

கேட்டதும் மார்த்தா வந்து என் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்கு எல்லாம் சொன்னேன். இந்த எலும்பு எடுத்தபோது அவளுடைய மகனுக்கு ஐந்து வயது, அவளே வந்து நின்று பார்த்தவள் என்றும் சொன்னேன். அவள் சொன்னது இது:

"அப்ப எடுத்தது வேற, இப்ப அனுப்புறது வேறயா இருக்கலாம். இரண்டாயிரம் வருசமெண்டு உங்கட அண்ணன் சொல்லுறார். என்ர பிள்ளை தங்களிட்ட இல்லையெண்டு அவங்களும்தான் சொன்னவங்கள். ரெண்டு பேரும் கொழும்பில இருந்துதானே சொல்லுறியள்."

சிலாவத்துறையில் இருந்து பரீனாவும் வந்தாள். புத்தளத்து முகாமில் இருந்து போன வருடம்தான் திரும்பியவள். அவளுடைய தம்பி வள்ளத்தோடு காணாமற் போனவன். பல் எப்படி என்று கேட்டாள். முன்பல் இரண்டுக்கும் இடையில் இடைவெளி இருக்குமா என்று உங்களிடம் எழுதிக் கேட்கச் சொன்னாள். இன்னும் சிலரும் வந்தார்கள்.

நான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் தேத்தண்ணி கொடுத்தேன்.

செலீனா

•

வத்தளை,
20.05.2003

அன்புள்ள செலீனா,

சுகம் கேட்டு எழுத இன்றைக்கு மனம் ஓடவில்லை. எல்லோரும் நலமாக இருங்கள்.

நான் கோபிக்கவில்லை. ஆளைப் பற்றிச் சொன்னால் சனத்துக்கு இறந்தவர்மேல் அன்பு வரும் என்று நம்பினேன். அது பிழையென்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தை எந்த ஊருக்கு, எந்த வருடத்தில் அனுப்புகிறேன் என்பதை நான் யோசிக்கவில்லை.

மார்த்தாவுக்கு இதை மெதுவாகச் சொல். எலும்பு கிடைத்தது சிப்பிப் படலத்துக்குக் கீழே, ஓர் ஆள் ஆழத்தில். தலைமாட்டில் கறுப்பும் சிவப்பும் கலந்த மண்சட்டி ஒன்று இருந்தது. அப்படிச் சட்டி செய்வதை விட்டு ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. அன்று எடுத்த அதே எலும்புதான். என் கையால் முத்திரை வைத்த பெட்டி. அவளுடைய மகன் இல்லை. பரீனாவின் தம்பியும் இல்லை. முன்பல்லில் இடைவெளி கிடையாது.

இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

வின்சன்டைப் பற்றி மூன்றாவது முறை கேட்கிறேன். வெளிநாட்டுக்குப் போயிருந்தாலும், வேறெங்கும் போயிருந்தாலும் எழுது. நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அண்ணன்

•

அரிப்பு,
30.06.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் மச்சாளும் சுகமாக இருங்கள்.

வின்சன்ட் 1999 மாசியில் தொழிலுக்குப் போனவன். வள்ளம் மறுநாள் கரையில் நின்றது. வலையும் சாப்பாட்டு வாளியும் அதற்குள் இருந்தன. எல்லா இடமும் போய்க் கேட்டோம். முறைப்பாடு எழுத ஒரு இடத்திலும் சம்மதிக்கவில்லை. பிரேதம் இல்லாமல் எதை எழுதுவது என்று கேட்டார்கள்.

உங்களுக்கு எழுதினால் நீங்கள் அங்கே போய்க் கேட்டு உங்களுக்கும் கரைச்சல் வரும் என்று இவர் வேண்டாம் என்றார். பிறகு எழுத முடியவில்லை.

பல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பரீனாவுக்குச் சொன்னேன். மார்த்தாவுக்குச் சட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அடுத்த நாளும் வந்தாள்.

செலீனா

•

வத்தளை,
08.09.2003

அன்புள்ள தங்கச்சிக்கும் மச்சானுக்கும்,

உங்கள் இருவரின் சுகத்துக்காகவும் எடித் தினமும் செபமாலை சொல்கிறாள்.

இரண்டு மாதமாக ஒவ்வொரு முறையும் எழுதத் தொடங்கி நிறுத்தினேன். மருமகனைப் பற்றி எழுதத் தெரியவில்லை. நேரில் வந்து உன் அருகில் இருக்கிறேன்.

எல்லாக் கையெழுத்தும் கிடைத்துவிட்டது. இம்மாதக் கடைசியில் வான் பிடித்து வருகிறேன். பெட்டி இங்கேயே செய்வித்தேன், பலாப் பலகை. மார்த்தாவும் மற்றவர்களும் வந்து பார்க்க விரும்பினால் திறந்து காட்டுவேன். பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக விளங்கப்படுத்துவேன். முப்பது வருடமாக நான் செய்தது அந்த வேலையைத்தான். பார்த்தால் ஆறுதல் அடைவார்கள் என்று நினைக்கிறேன்.

மரித்தோர் நாளுக்கு முன்னர் அடக்கம் முடிந்துவிடும்.

அண்ணன்

•

மன்னார்,
01.10.2003

அன்புள்ள செலீனா,

நீ வழி பார்த்துக்கொண்டிருப்பாய். கொண்டுவருபவரிடம் இதை அவசரமாகக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

வழிச் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். இருந்த ஆமிப் பொடியனுக்கு முகம் வெளிறிவிட்டது. திணைக்களத்தின் கடிதத்தைக் காட்டினேன், சிங்களத்தில்தான் இருந்தது, மரியாதையாக வாசித்தார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் மனித எலும்பு கண்டால் பொலிசுக்குக் கொடுப்பதுதான் தங்களுக்குள்ள கட்டளை என்றார்கள். அது நியாயமான கட்டளை. நானே அதிகாரியாக இருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன்.

பொலிஸ் நிலையத்தில் படிவம் நிரப்பினோம். இறந்த திகதி என்ற இடத்தில், கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்பின் என்று சொன்னேன். எழுதிய சார்ஜன்ட் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "ஐயா, நாளும் மாதமும் இல்லாமல் இது முழுமையாகாது" என்று தமிழில் தாழ்மையாகச் சொன்னார். முடிவில் "தெரியாது" என்று எழுதினார். எழுதியதும் அது பிரேத வழக்காகிவிட்டது. நீதவான் பெட்டியை ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் வைக்கக் கட்டளையிட்டார்.

உன் பக்கத்துக்குப் போக இன்று என்னை விடவில்லை. எடித் தனியாக இருப்பதால் நாளை திரும்புகிறேன். எப்படியும் சரிசெய்வேன்.

அண்ணன்

•

அரிப்பு,
15.11.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து ஆறுதல். மச்சாளை விட்டுவிட்டு இனி அலைய வேண்டாம். எங்களுக்குச் சுகத்தில் குறையில்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். உறவினரைத் தேடுபவர்கள் வந்து எலும்பைப் பார்க்கலாம், வாக்குமூலமும் கொடுக்கலாம் என்று நீதவான் அறிவித்தார். செய்தி ஊர் ஊராய்ப் போய்விட்டது. வங்காலை, பேசாலை, முருங்கன் என்று எல்லா இடத்துச் சனமும் வந்தார்கள். பிரேத அறை வாசலில் இருந்து ஆஸ்பத்திரிக் கேற் வரைக்கும் பெண்கள் நின்றோம். வெயில். ஆருக்கோ மயக்கம் வர, பரீனாதான் தன் குடையைக் கொடுத்தாள்.

மார்த்தா அந்தக் கை எலும்பைத் தொடக் கேட்டாள். விட்டார்கள். முறிந்து பொருந்திய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "கட்டினது நான்தான்" என்றாள். ஒருவரும் அவளோடு வாதாடவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற பெண், தன் பிள்ளை என்று வேறு அடையாளம் சொன்னாள்.

நானும் நின்றேன், அண்ணா. என் முறை வந்தபோது பார்த்தேன். அது எங்கள் கிணற்றுக்குள் இருந்து வந்தவர். வின்சன்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து பொலிஸ் மேசையில் வின்சன்டின் பெயரும் வயதும் காணாமற் போன நாளும் கொடுத்தேன். எழுதினார்கள், அண்ணா. நாலு வருடத்தில் முதல்தரம் ஒருவர் என் முன்னால் இருந்து அதை எழுதினார். என்ன நிறச் சேட்டு என்றும் கேட்டார். எல்லாப் பெண்களிடமும் எழுதினார்கள்.

மரித்தோர் நாளில் சேமக்காலைக்குப் போனோம். தடி நட்ட இடம் அப்படியே இருக்கிறது.

தையில் வழக்கு. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்களாம்.

செலீனா

•

வத்தளை,
05.12.2003

அன்புள்ள செலீனா,

கர்த்தர் உங்களோடு இருப்பாராக. எடித் பரவாயில்லை.

நீதிமன்ற அழைப்பு வந்தது. தை இருபதாம் திகதி. நிபுணர் சாட்சி நான் ஒருவன்தான். திணைக்களமும் என்னையே கைகாட்டிவிட்டது.

என் சாட்சியத்தை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட வராது. காலத்தை நான் சொன்னதும் வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும் என்று, உங்கள் பக்கம் தோன்றும் சட்டத்தரணி நவரத்தினம் தொலைபேசியில் சொன்னார். முடிந்தால் பெட்டி விடுபடும். அனுமதியைப் புதுப்பித்து மறுபடியும் கொண்டுவர முயல்வேன். இரண்டு வருடம் எடுக்கலாம்.

வேறு ஏதோ சொல்ல வந்து நவரத்தினம் நிறுத்திவிட்டார். என்னவென்று உனக்குத் தெரிந்தால் எழுது.

எலும்பின் வயதைக் கூட்டியோ குறைத்தோ நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு அமைச்சர் கேட்டபோதும் சொன்னதில்லை. அதற்காக அனுராதபுரத்துக்கு இடமாற்றம் கிடைத்தது உனக்குத் தெரியும்.

அண்ணன்

•

அரிப்பு,
22.12.2003

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும். இங்கே பலகாரம் சுடவில்லை. கொஞ்சம் பால் அப்பம் மட்டும்.

நவரத்தினம் ஐயா உங்களிடம் சொல்லாததை எங்களிடம் சொன்னார். அந்தப் பெட்டி வழக்காக இருக்கும்வரைதான் எங்கள் வாக்குமூலங்களும் வழக்கில் இருக்கும். எலும்பு பழங்காலத்தது என்று தீர்ந்தால் வழக்குக் கோவையை மூடுவார்கள். வின்சன்டின் பெயரும் அதற்குள் மூடப்படும். மறுபடி போய்க் கேட்டால் பழையபடி பிரேதம் எங்கே என்பார்கள்.

இதைக் கேட்டதும் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உங்களை ஒருவரும் குறை சொல்லவில்லை. மார்த்தாதான் முதலில் வாய் திறந்தாள். "செலீனாக்கா, உங்கட அண்ணனைத் தெரியாதெண்டு சொல்லச் சொல்லுங்கோ. அதுதானே படிவத்திலயும் கிடக்கு" என்றாள்.

இவர் வாசலில் இருந்து, "அந்த மனுசன் செத்தாலும் பொய் சொல்லாது" என்றார்.

எனக்கும் தெரியும். அதனால் யோசித்து, என் புத்திக்கு எட்டியதை எழுதுகிறேன். எங்கள் வளவில் இருந்து வந்தவர் எங்கள் வீட்டுத் துக்கம். அவரை அடக்க முடியாமல் வைத்திருப்பது எனக்குப் பாவம். நீங்கள் ஊருக்குத் தந்த வாக்கும் போய்விடும், அதுவும் தெரியும். ஆனாலும் இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்காக அவர் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அண்ணா, நீங்கள் வந்து பொய் சொல்ல வேண்டாம். வராமல் இருங்கோ.

உங்கள் தங்கச்சி
செலீனா

•

வத்தளை,
06.02.2004

அன்புள்ள செலீனா,

நீங்கள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம். மச்சானின் இருமலுக்கு எடித் ஒரு மருந்து அனுப்புகிறாள். படுக்கும்போது ஒரு கரண்டி.

இருபதாம் திகதி நான் வீட்டில் இருந்தேன். மருத்துவச் சான்றிதழ் எடுத்து அனுப்பும்படி எடித் சொன்னாள். இல்லாத நோய்க்கு எடுக்க மனம் வரவில்லை. காலையில் சவரம் செய்து, சேட்டு மாற்றி, முன் கதிரையில் இருந்தேன். நீதிமன்றம் கலையும் நேரம்வரை இருந்தேன்.

சாட்சி சமுகமளிக்காததால் ஒத்திவைக்கப்பட்டதாக நவரத்தினம் எழுதியிருக்கிறார். மறுபடி வராவிட்டால் பிடியாணை வரலாமாம். திணைக்களத்தில் இருந்தும் ஒரு கடிதம்: குறித்த காலத்துக்குள் அடக்கம் நடைபெறாததால் அனுமதி இரத்து.

வாகரையில் இருந்து இருவர் போன கிழமை வீடு தேடி வந்திருந்தார்கள். உங்களுக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்டு, தங்களுடையது எப்போது கிடைக்கும் என்று கேட்க வந்தவர்கள். தேத்தண்ணி கொடுத்தேன்.

எழுதி வைத்த சாட்சியம் மேசையில் இருக்கிறது. அதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

அடுத்த தவணை சித்திரையில். அன்றைக்கும் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அண்ணன்
அமிர்தநாயகம்